பக்கவாட்டு வெளிச்சம்

நீச்சல் குளத்து மேனேஜர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான். குளத்தில் வேலை பார்த்துப் போனவர்களின் படங்களை நுழைவாயில் சுவரில் வரிசையாக மாட்டப் போகிறார்களாம். டிக்கெட் கவுன்ட்டரில் அத்தனை காலம் உட்கார்ந்திருந்த என் மனைவியின் படம் இல்லாமல் சுவர் எப்படி நிறையும் என்றார். "உங்ககிட்ட இல்லாத படமா சார்?" என்று அவரே சிரித்துக்கொண்டார். நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். நியாயமான கேள்வி.

வீட்டுக்கு வந்து தேடினேன். கல்யாணப் படத்தில் அவள் குனிந்திருக்கிறாள். வகிடு மட்டும் கூர்மையாக விழுந்திருக்கிறது. வேலைக்கான அடையாள அட்டையில் இருந்த முகம் குளத்து ஈரத்தில் வெளுத்து, மூக்கு இருந்த இடம் மட்டும் தெரிகிறது. மற்றபடி நான் கேமராவைத் தூக்கினாலே அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். "தினம் பாக்கற மூஞ்சிக்கு எதுக்குங்க படம்?" என்பாள்.

நான் அவளைப் படமெடுத்து, ஃபிலிம் கழுவி, அச்சிட்டவற்றில் உருப்படியாக இருப்பவை இரண்டே படங்கள். இரண்டும் இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பின்பக்கம். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மாதம். அவற்றை மேனேஜரிடம் கொடுக்க முடியாது. எப்படி வந்தன என்பதை எழுதி வைக்கலாம்.

கவுன்ட்டர் என்பது ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. பின்பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குளம். காலையில் உட்கார்ந்தால் மாலையில் எழுவாள். பள்ளிக்கூட நாளில் நீச்சலில் கோப்பை வாங்கியவள் அவள். அந்தக் கோப்பையில்தான் கவுன்ட்டரில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியில் குளோரின் வாசம் அடிக்கும். தண்ணீரில் இறங்கியவர்களைவிட அவளிடம்தான் அந்த வாசம் அதிகம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

சனிக்கிழமை காலை குளம் பெண்களுக்கு மட்டும். அந்த வருடம் அவளுக்குத் திடீரென்று ஆசை வந்தது. சனிக்கிழமைகளில் வேறொருவரைக் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிட்டு நீந்தலாம் என்று மேனேஜரிடம் பேசி வைத்தாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு நீச்சல் உடை வாங்கப் போனாள். என் மச்சினி முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கத்திரியும் வாயும் ஒரே வேகம். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். உடை மாற்றும் அறையில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். வார்த்தைகள் ஒத்துப்போயின.

"திரும்புக்கா, பின்னாடி பாக்கறேன். ஐயோ, இது என்னக்கா, மழை பேஞ்ச மணல் மாதிரி?"

"எதுடி?"

"தொடைக்குப் பின்னாடி. குழி குழியா. உனக்கு எங்க தெரியப் போகுது, பின்னாடி இருக்கறது ஊருக்குத்தானே தெரியும்."

"எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

"இருக்கும். எல்லாரும் மூடிக்கிட்டுல்ல போறாங்க."

வாயாடிக்கு அது நாள் முழுக்கப் பேசும் பேச்சில் ஒன்று. தெரு முனை திரும்புவதற்குள் மறந்திருப்பாள். அந்தக் கருநீல உடை விலைச்சீட்டு பிரிக்கப்படாமல் எங்கள் அலமாரியில் போர்வைக்கு அடியில் போயிற்று.

அன்று சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். "என் தொடைக்குப் பின்னாடி குழி குழியா இருக்காமே. நிஜமா?"

இதற்கு ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. "வெளிச்சத்தைப் பொறுத்தது" என்றேன்.

"கட்டின பொண்டாட்டி கேக்கறேன். கஸ்டமருக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

ஆனால் நான் சொன்னது உண்மை. தோலில் இருக்கும் பள்ளம் எதுவும் தானாகத் தெரிவதில்லை. வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்து பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் தெரியும். அம்மைத் தழும்புள்ள மாப்பிள்ளைகளை நேர் வெளிச்சத்தில் நிறுத்தித்தான் என் தொழில் ஓடியது.

அந்தச் சமயத்தில் ஸ்டூடியோவுக்கு மேல் மாடியில் உணவு ஆலோசனை நிலையம் ஒன்று வந்தது. நடத்தியது ஒரு சின்னப் பெண். முறையாகப் படித்துவிட்டு வந்தவள். யார் படியேறிப் போனாலும் ஒரு தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டுகளை நீட்டுவாள். என் மனைவி அவளுக்கு வெள்ளரிக்காய் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெண் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிக்க நினைத்தாள்: உணவையும் பழக்கத்தையும் மாற்றினால் செல்லுலைட், அதாவது இந்தக் குழிகள், எப்படிக் குறையும் என்று. அதற்கு 'முன்', 'பின்' என்று இரண்டு படம் தேவைப்பட்டது. படம் எடுப்பவன் கீழேயே இருந்தான். தொடைதான் கிடைக்கவில்லை.

"என் தொடை போதுமா?" என்று என் மனைவி அவளிடம் கேட்டபோது நானும் இருந்தேன்.

"அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது நோய் இல்ல. பத்துப் பொண்ணுங்கள்ல எட்டு ஒன்பது பேருக்கு இருக்கும். ஒல்லியா இருக்கவங்களுக்கும் இருக்கும்."

"அப்ப எதுக்கும்மா குறைக்கணும்?"

"நீங்கதான்க்கா வந்தீங்க."

என் மனைவிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. உட்கார்ந்துகொண்டாள். வெள்ளரிக்காய் ஒரு மெத்தையை உதாரணம் சொன்னாள். மெத்தையில் அங்கங்கே நூல் கோத்து இழுத்துத் தைத்தால் தைத்த இடம் உள்ளே போகும், பஞ்சு இருக்கும் இடம் மேலே பிதுங்கும். தோலுக்கு அடியிலும் அப்படித்தான். நார் கீழே இழுக்கிறது, கொழுப்பு மேலே தள்ளுகிறது. கொழுப்பைக் குறைத்து, தசையைக் கெட்டியாக்கினால் பிதுக்கம் குறையும். நாரை ஒன்றும் செய்ய முடியாது.

"கிரீம் ஏதாவது?"

"தடவலாம்க்கா. கை மிருதுவாகும்."

"அப்ப முழுசாப் போகாதுங்கற."

"குறையும்க்கா. போகும்னு சொல்ல மாட்டேன்."

குறையும் என்று அந்தப் பெண் சொன்னதை நான் கேட்டேன். என் மனைவி கேட்டது போகும் என்று. படியிறங்கும்போதே என்னிடம் சொன்னாள்: "குழி போச்சுன்னு உங்க படம் சொல்லட்டும். அன்னிக்கு அந்த நீல டிரஸ்ஸை எடுத்துக்கிட்டுத் தண்ணில இறங்கறேன். போகலேன்னா அதை வாயாடிக்குக் குடுத்துடறேன்."

முதல் படம் அந்த வாரமே எடுத்தோம். கடையைச் சாத்திவிட்டு, சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் அவளைத் திரும்பி நிற்க வைத்தேன். முகம் வரக் கூடாது என்பது அவள் நிபந்தனை. விளக்கை இடது பக்கம், தொடை உயரத்தில், நன்றாகத் தள்ளி வைத்தேன். விளக்குக் காலுக்கும் அவள் பாதங்களுக்கும் தரையில் டேப் ஒட்டினேன். இரண்டாம் படம் எடுக்கும்போது எதுவும் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கக் கூடாது. நகர்ந்தால் மாறியது உடம்பா விளக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. டேப்பை மிதிக்காதீர்கள் என்று அந்த மூன்று மாதமும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தரை பழுது என்றேன்.

படத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "வாயாடி குறைச்சுத்தான் சொல்லியிருக்கா."

பிறகு வீட்டுச் சாப்பாடே மாறியது. பொரித்த சாமான்கள் போயின. டீயிலிருந்து சர்க்கரை போயிற்று. வெள்ளை ரொட்டி போய், வாயில் போட்டால் மரத்தூள் போல மெல்ல வேண்டிய ரொட்டி வந்தது. காலையில் முட்டை, மதியம் பருப்பும் கீரையும், மாலையில் ஒரு பழம். உப்பு ஏறக்குறைய நின்றேவிட்டது. உப்பு அதிகமானால் உடம்பில் நீர் தங்கும், தங்கினால் வீக்கம், வீங்கினால் குழி இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று விளக்கம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அப்ப குப்பைல போய் உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். சிகரெட் புகை தோலைக் கெடுக்கும் என்று வெள்ளரிக்காய் சொன்னதால் நான் மொட்டை மாடிக்குப் போய்க் குடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் மாடியேறும் சோம்பலில் விட்டுவிட்டேன்.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தாள் வெள்ளரிக்காய். குடித்தால் எழுந்து போக வேண்டும். கவுன்ட்டரில் எழுந்து போனால் வரிசை நிற்கும். மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "என்னம்மா, குளத்துத் தண்ணி குறையுதுன்னு பாத்தா நீங்க குடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம். அவரிடமே பேசி, எழுந்து போகும் நேரத்தில் டவல் கொடுக்கும் பெண் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்வாள் என்று முடித்துக்கொண்டு வந்தாள். இதனால் அவள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது தானாக நின்றது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள் வெள்ளரிக்காய்.

வீட்டில் துவைக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். முதல் வாரம் இயந்திரத்தையும் சேர்த்து இழுத்தாள். கழிவறையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வேலைக்குப் போனாள். எங்கள் வீடு லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் மேல் மாடி; முன்பெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்குவாள். இரண்டாம் மாதத்தில் நான் அப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேலே சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

வாயாடி வந்தால் கலாட்டாதான்.

"அக்கா, உன் வீட்ல சாப்பிட்டா ஆஸ்பத்திரில சாப்பிடற மாதிரி இருக்கு. பாக்க வர்றவங்க மட்டும்தான் இல்ல."

"உன் வாயாலதாண்டி எல்லாம்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிடு."

அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. என் மனைவி மறுபடி சொல்லவும் இல்லை.

இரண்டாம் படத்துக்கான நாள் வந்தது. திரைக்குப் பின்னால் என் மனைவி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காய் கீழே இறங்கி வந்து, டேப்பையும் விளக்கையும் பார்த்தபடி நின்றாள்.

"சார், இந்த லைட்டைக் கொஞ்சம் நேரா கொண்டு வந்தா நல்லாருக்கும்ல? கேமரா பக்கத்துல?"

"எதுக்கும்மா?"

"இல்ல, எல்லாப் பிரசுரத்துலயும் அப்படித்தான் இருக்கு சார். பின் படம் கொஞ்சம் வெளிச்சமா..."

"அப்படி வச்சா என்ன ஆகும்?" திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

நான் லென்ஸைத் துடைத்தேன்.

"கேக்கறேன்ல? ரெண்டு பேர் வாயிலயும் என்ன, வெள்ளரிக்காயா?"

அந்தப் பெண்ணுக்குத் தன் பட்டப்பெயர் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

என் மனைவி துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பையில் மாலைக்கான ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதை வாங்கி ஸ்டூல் மேல் வைத்தேன். விளக்கு பக்கத்திலிருந்து அடித்தது. பழத்தின் தோலில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழியாகத் தெரிந்தது. பிறகு விளக்கைத் தூக்கிக் கேமராவுக்கு அருகில் வைத்தேன். பழம் மழமழவென்று ஒரு பந்தாகிவிட்டது. மறுபடி பக்கத்துக்குக் கொண்டுபோனேன். குழிகள் திரும்பி வந்தன.

அவள் கொஞ்ச நேரம் பழத்தைப் பார்த்தாள். "அப்ப முதல் நாளே இதைத் தள்ளி வச்சிருந்தா, அன்னிக்கே நான் பின் படமா?"

"ஆமா."

"நான் உப்பைத் தள்ளி வச்சதுக்கு, நீங்க விளக்கைத் தள்ளி வச்சிருக்கலாம்."

வெள்ளரிக்காய் ஏதோ சொல்ல வந்தாள். என் மனைவி ஆரஞ்சை உரித்து அவளுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "டேப் ஒட்டின எடத்துலயே வைங்க. எனக்குத் தெரியணும்."

வைத்தேன். எடுத்தேன்.

அச்சிடும்போது இருட்டறைக்குள் வந்து என் அருகில் நின்றாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததில்லை. சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாள் மருந்துக்குள் மூழ்கிக் கிடந்தது. மெதுவாக ஒரு கோடு வந்தது, பிறகு தொடையின் ஓரம், பிறகு நிழல்கள். முந்தைய படத்தையும் அதே அளவில் மறுபடி அச்சிட்டிருந்தேன். இரண்டையும் அருகருகே தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தோம்.

மேலே இருந்த குழிகளின் ஆழம் குறைந்திருந்தது. தொடையின் ஓரக்கோடு நேராகியிருந்தது. உள்ளே தசை இருப்பது தெரிந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தவை அப்படியே இருந்தன.

"குறைஞ்சிருக்கு" என்றேன்.

"போகல."

"நல்லாக் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா இறங்கறேன்னு நான் சொல்லலியே. போனா இறங்கறேன்னுதானே சொன்னேன்."

பந்தயம் அவளுக்கும் அவளுக்கும்தான். நடுவில் நான் என்ன பேசுவது? படங்களைக் கொடியில் மாட்டினேன். அவள் வீட்டுக்குப் போய் நீல உடையை ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்தாள், அடுத்த முறை வாயாடி வரும்போது கொடுப்பதற்கு.

என் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசியாக அச்சிட்ட படத்தை இடது ஓரத்தில், மின்விசிறிக்கு அருகில் மாட்டுவேன், அங்கேதான் காற்று. பழையவை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். வேறு யாரும் என் கொடியிலிருந்து படம் எடுத்ததில்லை. மறுநாள் காலையில் நான் ஒரு குடும்பத்தை நிற்க வைத்து, அழும் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளரிக்காய் எட்டிப் பார்த்து, "ரெண்டையும் எடுத்துக்கறேன் சார்" என்றாள். சரிம்மா என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாரையும் போல அவளும் இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டு போனாள். இடது படம் முன் ஆயிற்று. வலது படம் பின் ஆயிற்று.

பிரசுரங்கள் அச்சாகி வந்ததும் வெள்ளரிக்காய் ஒரு கட்டு எடுத்து நேராகக் குளத்துக் கவுன்ட்டருக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள், பெண்கள் வருகிற இடம் என்று. என் மனைவி ஒன்றைப் பிரித்துப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். தன் தொடை தனக்குத் தெரியாதா? மூன்று மாதம் பாடுபட்டு வந்த தொடைக்கு மேல் 'முன்' என்று எழுதியிருந்தது. பழைய தொடைக்கு மேல் 'பின்'. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எழுந்தாளாம். அதற்குள் குளித்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் கவுன்ட்டரில் நின்று பிரசுரத்தை எடுத்தார்கள்.

அவள் அன்று மாலை வீட்டில் அதை இரண்டு குரலில் நடித்துக் காட்டினாள்.

"ஏய், இதப் பாரேன். எப்படி இருந்தவ எப்படி ஆயிட்டா!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது? வலது பக்கம் எவ்ளோ மழமழன்னு இருக்கு பாரு. சும்மாவா, உணவுக் கட்டுப்பாடு!"

"எங்க மழமழ? கவுன்ட்டர் அக்கா, நீங்க சொல்லுங்க. இதுல ஏதாவது மாறியிருக்கா?"

அரைவட்ட ஓட்டை வழியாகப் பிரசுரம் உள்ளே வந்தது. என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் தொடைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வலது பக்கம் ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். முதலில் பேசியவள் மற்றவளை இடித்தாள். இரண்டு பேரும் பிரசுரத்தை ஈரப் பையில் செருகிக்கொண்டு போனார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பழைய தொடைக்கு எவ்ளோ மரியாதை பாத்தீங்களா? படிச்ச பொண்ணு, தினம் தொடையைப் பத்தியே பேசறவ, அவளுக்கே முன்னும் தெரியல பின்னும் தெரியல. இதுக்கா நான் போர்வைக்கு அடியில டிரஸ்ஸை ஒளிச்சு வச்சேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவருகே இருந்த பையிலிருந்து நீல உடையை எடுத்து, விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள்.

"சனிக்கிழமை காலையில கவுன்ட்டர்ல உக்காருவீங்களா?"

"டவல் பொண்ணு?"

"அவளும் நீந்த வர்றாளாம்."

எனக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழில் புத்தி. "அங்க வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியா தலைக்கு மேல இருந்து உடம்பை உரசிக்கிட்டே இறங்குது. தெரியுமில்ல? என் விளக்கைவிட மோசம்."

"எவ்ளோ மோசம்?"

"ஒளியறதுக்கு எடமே இருக்காது."

"நல்லதாப் போச்சு. தேட வேண்டாம்."

சனிக்கிழமை அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அவள் உடம்புக்குப் பழகியிருந்தது, எனக்குப் பொருந்தவில்லை. அரைவட்ட ஓட்டை வழியாகக் கைகள் வந்தன, டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிலர் முறைத்தார்கள். பின்னால் சுவர். சுவருக்கு அப்பால் பெண்களின் பேச்சு ஒரே இரைச்சலாக எதிரொலித்தது. எதுவும் பிரிந்து கேட்கவில்லை. பிறகு தண்ணீர் பலமாக அடிபடும் சத்தம் ஒன்று. அது அவளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அப்படி நிறையச் சத்தங்கள் கேட்டன.

அவள் வெளியே வந்தபோது முடி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. பேனாக் கோப்பையை நகர்த்திவிட்டு மேசையின் ஓரத்தில் சாய்ந்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

"என்ன?" என்றேன்.

"யாரும் யாரு தொடையையும் பாக்கலீங்க. நேரம் முடியப் போகுதான்னு எல்லாரும் கடிகாரத்தையே பாக்கறாங்க."

"நீ?"

"நான் பாத்தேன். எல்லார் தொடையையும் பாத்தேன். ஒவ்வொருத்திக்கும் மழை பேஞ்ச மணல்தான்." கைகளை நீட்டி முறுக்கினாள். "ரெண்டு தடவை போய் வந்தேன். மூணாவதுல மூச்சு முட்டிச்சு. காலு தளரல. துவைக்கிற மெஷினுக்குக் கும்பிடு போடணும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் கவுன்ட்டர்க்காரன். வீட்டுக்கு உப்பு பாதியளவு திரும்பி வந்தது; சர்க்கரை வரவில்லை. நடை நிற்கவில்லை, மாடிப்படியும் நிற்கவில்லை. வெள்ளரிக்காய்க்குப் படங்கள் மாறிய விஷயத்தை அவள் கடைசி வரை சொல்லவில்லை. "பாவம், சின்னப் பொண்ணு. அவ சொன்னதுல பொய் எதுவும் இல்ல. குறையும்னா, குறைஞ்சுது." பிரசுரம் தீர்ந்து இரண்டாம் முறையும் அப்படியே அச்சாயிற்று. நிலையத்துக்கு நல்ல கூட்டம்.

சில வருடங்கள் கழித்து அவளுக்கு இரத்தத்தில் நோய் வந்தது. உணவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் அவள் கால்கள் மெலிந்துகொண்டே போயின. ஒருநாள் நர்ஸ் போர்வையை மாற்றும்போது தன் தொடையைக் குனிந்து பார்த்து, "எல்லாக் குழியும் போயிடுச்சு. டேப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நர்ஸுக்குப் புரியவில்லை. நான் கேமரா கொண்டு போகவில்லை.

மேனேஜருக்குக் கொடுக்கப் படம் இல்லை என்று வாயாடியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். வழக்கமாகத் தயங்குகிறவள் அல்ல.

"அத்தான், ஒண்ணு இருக்கு. குளத்தை மராமத்துக்கு மூடறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை, நாங்க எல்லாரும் சேந்து எடுத்தது. நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட காட்டாதேன்னு அக்கா சொல்லிச்சு."

"ஏன்?"

"'அந்த மனுஷன் கண்ணு தாங்காதுடி'ன்னு சொல்லிச்சு. நான் எடுத்த லட்சணம் அப்படி."

கொண்டு வந்து கொடுத்தாள். என் மனைவி சொன்னது சரிதான். படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தண்ணீரின் பளபளப்பில் பாதி வெளுத்திருக்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் எல்லாப் பெண்களின் கண்களுக்கும் அடியில் கறுப்பு நிழல். டவல் கொடுக்கும் பெண் கண்ணை மூடியிருக்கிறாள். ஓரத்தில் வெள்ளரிக்காய்கூட இருக்கிறாள். நடுவில், குளத்தின் விளிம்பில், என் மனைவி கருநீல உடையில் முக்கால்வாசி திரும்பி நிற்கிறாள். யாரோ கூப்பிட்டதற்குத் தோளுக்கு மேல் திரும்பிச் சிரிக்கிறாள். முகம் முழுதாகத் தெரிகிறது. தொடைகளும். ஒவ்வொரு குழியும் தனித்தனியாக, என் பக்கவாட்டு விளக்கில் விழுந்ததைவிடத் தெளிவாக.

அவளை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டேன். கொடியில் இடது ஓரத்தில் மாட்டிக் காய வைத்தேன். மேனேஜர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற படங்களெல்லாம் முகம் மட்டும்தான், சுவரில் ஒரே மாதிரி இருந்தால் நல்லது, கழுத்துக்குக் கீழே வெட்டிவிடலாமா என்று கேட்டார்.

ஒரு தடவை அவள் முகத்தை வெட்டியாயிற்று, இனிமேல் எதையும் வெட்ட மாட்டேன் என்றேன்.

அவருக்கு அது புரியாது. ஆனாலும் சுவரில் ஒரு பெரிய ஆணியாகப் பார்த்து அடிக்கச் சொன்னார்.